வாய்க்கு லீவு

“பார்த்துப் பார்த்து வளர்த்தது. இருபத்தாறு வருஷ உழைப்பு. வந்து கேட்டா அப்படியே தூக்கிக் குடுத்துடணுமா?” இடது வரிசையில் இருந்த தொப்பைக்காரர் மேசையை ஓங்கித் தட்டினார். தண்ணீர் பாட்டில்கள் துள்ளின.

“நாங்க மட்டும் என்ன, ரோட்டுல கிடந்ததையா எடுத்துட்டு வந்திருக்கோம்?” என்றார் எதிர் வரிசையில் பெரிய கைப்பையை மடியில் வைத்திருந்த அம்மாள்.

நடுவில் நின்றவள் இருவருக்கும் தலையாட்டினாள். முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு தரப்பை உட்காரவைத்துப் பேசவைப்பதுதான் அவள் வேலை. ஆனால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டியே கூட்டத்தைக் கோட்டைவிடுவாள். ஆபீஸில் அவளுக்குப் பெயரே தலையாட்டி.

இன்று காலை முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். “பிஸ்கட் கம்பெனியும் சாக்லேட் கம்பெனியும் ஒண்ணாகப் போறாங்க. வாயைத் திறந்து பேசி முடிச்சுக் குடு. இன்னைக்கும் மண்டையை ஆட்டிட்டு வந்தே, நாளையிலேர்ந்து வீட்டுலயே உட்கார்ந்து ஆட்டிக்கோ.”

அந்தப் படபடப்போடு ஹோட்டலுக்கு ஓடிவந்தவள், வரவேற்பில் நின்றவனிடம், “ரெண்டு தரப்பும் பேசி முடிக்கிற கூட்டம் எந்த ரூம்ல?” என்று கேட்டாள்.

“அதுவா? இடது பக்கம் கடைசி ரூம். இப்பவே அனல் பறக்குது. உள்ளே போய் தண்ணி வைக்கவே பயமா இருக்கு.”

அவள் நுழைந்ததும் இரண்டு வரிசையும் “வாங்க, வாங்க” என்று எழுந்தது. பிறகு ஒன்றையொன்று பார்த்து மரியாதைக்கு ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, மறுபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. இடது பக்கம் பிஸ்கட், வலது பக்கம் சாக்லேட் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

அதிலிருந்து பிஸ்கட்காரர்தான் பேசிக்கொண்டிருந்தார். “முதல்ல எங்க பேருதான் வரணும். தேதியும் நாங்க சொல்றதுதான். எங்களுக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல?”

குறுக்கே பேசினால் மனிதர் எழுந்து போய்விடுவார். பேசாவிட்டால் அவளுடைய வேலை போய்விடும். அவர் மூச்சு வாங்கும் இடத்துக்காகக் காத்திருந்தாள். அவரோ மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் பேசினார்.

கடைசியில் தொண்டை வறண்டு பாட்டிலைத் தூக்கினார். அவள் குரலை உயர்த்தவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவர் முன்னாலேயே போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, நீங்க சொன்னது அத்தனையும் எங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. இனிமே கொஞ்ச நேரம் உங்க வாய்க்கு லீவு.”

அவருக்குப் புரையேறியது. சாக்லேட் அம்மாள் கைப்பையால் வாயை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

“சிரிக்காதீங்கம்மா. உங்க வாய்க்கும் அரை நாள் லீவு.”

பேசியது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. அந்தத் தெம்பில் அடுத்ததையும் கேட்டுவிட்டாள். “இணைஞ்ச பிறகு தினமும் ஒண்ணா இருந்து காரியம் பார்க்கப் போறது யாரு? நீங்க ரெண்டு பேருமா?”

“ஐயையோ!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வரிசைக்கு ஒருவராகக் கோடியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இளைஞனையும் இளம்பெண்ணையும் அறையே கைகாட்டியது.

“அப்ப இவங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

பிஸ்கட்காரர் சாக்லேட் அம்மாளைப் பார்த்தார், அவர் தன் கைப்பையைப் பார்த்தார்.

இளம்பெண்தான் முதலில் எழுந்தாள். “அவங்க இடமும் வேணாம், எங்க இடமும் வேணாம். நடுவுல ஒரு இடம் பார்த்து வச்சிருக்கோம்.”

“பேரை ஒரே வரியில போட்டுடலாம்” என்றான் இளைஞன். “தேதி எதுவா இருந்தாலும் சரி. சீக்கிரமா இருந்தா போதும்.”

“இவ்வளவு தெளிவா யோசிச்சு வச்சிருக்கீங்க. இத்தனை நாளா ஏன் சொல்லலை?”

“எங்கே பேச விட்டாங்க?” என்றாள் இளம்பெண்.

பிஸ்கட்காரர் மோவாயைத் தடவினார். லீவு முடிந்ததா என்பதுபோல் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டியதும், “நடுவுலன்னா எனக்கு ஒரே பஸ்ஸுதான்” என்றார் மெதுவாக.

“எனக்கும் ஒரே பஸ்ஸுதான்” என்றார் சாக்லேட் அம்மாள். யாரோ கைதட்டினார்கள். யாரோ காபிக்குச் சொன்னார்கள். இளைஞனும் இளம்பெண்ணும் எப்போது பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்கு வந்தார்கள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

அவளுடைய போன் அடித்தது. முதலாளியின் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. “எங்கம்மா தொலைஞ்சே? பிஸ்கட்டும் சாக்லேட்டும் மாடி ரூம்ல ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க! பேசப் பயந்துக்கிட்டு ஓடிட்டியா?”

அவள் போனும் கையுமாக இடது வரிசையைப் பார்த்தாள், வலது வரிசையைப் பார்த்தாள். தொப்பைக்காரர் மேசைமேல் சாய்ந்து, எதிரே இருந்த அம்மாளிடம் ரகசியக் குரலில் கேட்டார்:

“சம்பந்தியம்மா, அப்ப இந்த வாயாடி உங்க நாத்தனார் இல்லையா?”