காத்திருக்கும் கேள்வி

“நான், மேனேஜர், கழுகு, நீ. நாலு பேர் ஒரு மணி நேரமா வெறும் திரையைப் பார்த்துட்டு இருக்கோம்,” என்றார் முதலாளியம்மா.

கழுகு என்பது நிறுவனத்தின் காவல் அதிகாரிக்கு அலுவலகம் வைத்த பெயர். அவர் கண்ணில் எதுவும் தப்பாதாம்.

கணினி நிரல் எழுதுகிறவள் கைகட்டி நின்றாள். இரண்டு வருட உழைப்பு. பன்னிரண்டு மணிக்குள் திரையில் ஒரு வரியாவது வராவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. மணி பதினொன்று நாற்பது.

“திரும்ப ஒருதடவை சொல்லும்மா,” என்றார் மேனேஜர், பாவம் பார்த்து.

ஆள், கதவு திறக்கும் அட்டை, கதவு எல்லாம் புள்ளிகள். யார் எந்த அட்டையால் எதைத் திறந்தார் என்பது கோடுகள் என்றாள். பழைய கேள்வி மொழி, சேர்த்துவைத்த பதிவைப் பார்த்து ஒருமுறை பதில் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். அவள் அந்த மொழியை நீட்டியிருந்தாள்.

“இதுல ஒருதடவை கேட்டா போதும் மேடம். கேள்வி அங்கேயே நிக்கும். தகவல் வர வரப் பார்த்துட்டே இருக்கும். தப்பான அட்டை தட்டுப்பட்டா திரையில காட்டும்.”

“நல்லா நிக்குது, உன்னை மாதிரியே,” என்றார் கழுகு. மேனேஜர் சிரிப்பை இருமலாக்கினார். “ஆறு மாசமா கிடங்குல லேப்டாப் காணாமப் போகுது. அத்தனை நாள் பதிவையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அதுல இல்லாத திருடன் உன் திரையில எப்படிம்மா வருவான்?”

தனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கழுகு எழுந்து போனார்.

முதலாளியம்மா கைப்பையை எடுத்தார். “இத்தோட நிறுத்திக்கலாம்.”

“அஞ்சு நிமிஷம், மேடம்.”

மூன்றாவது நிமிடம் திரையில் ஒரு வரி விழுந்தது. கிடங்குக் கதவு திறப்பு. அட்டை, போன வருடம் வேலையை விட்டுப் போனவருடையது. அதை மறுபடி செல்லுபடியாக்கியவர், காவல் அதிகாரி.

“இது எந்த மாசப் பதிவு?”

“அவர் கொடுத்த பதிவை நான் தொடவே இல்லை மேடம். அதுல வேண்டாததை அவர் தினம் சாயங்காலம் அழிச்சிடறார். கேள்வியைக் காலையிலேயே நேரா கதவுகளோட இணைச்சுட்டேன். இது இப்போ நடக்கறது.”

“அப்போ ஒரு மணி நேரமா ஏன் ஒண்ணும் வரலை?”

“ஆள் நம்ம எதிர்லயே உக்காந்திருந்தாரே, மேடம்.”

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். கீழே கிடங்கில், கழுகின் முதுகுக்குப் பின்னால் கதவு மூடிப் பூட்டிக்கொண்டது.