பதினாறு கிராம்

தராசுக் கடைக்காரர் மூன்று தராசுகளை எடுத்து மேசையில் வைத்தார். அவள் துணிப்பையை அவிழ்த்துக் கல்லை எடுத்தாள்.

உள்ளங்கை அகலத்தில் ஓர் உடைந்த சாணைக்கல். ஒரு விளிம்பு மட்டும் வளைந்திருந்தது. முழுசாக இருந்தபோது அது சக்கரம்.

"தங்கத்தோட வருவாங்க, மருந்தோட வருவாங்க. கல்லைத் தூக்கிட்டு வந்த ஆளு நீங்கதான்கா முதல்" என்றார் கடைக்காரர்.

"விலை கையைக் கடிக்கக் கூடாது. எடையும் தப்பக் கூடாது" என்றாள் அவள்.

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு காலையில், மோட்டாரைப் போட்டதும் இந்தக் கல்தான் வெடித்து அவள் கணவரின் நெஞ்சில் பாய்ந்து உயிரைக் கொண்டுபோனது. கல் செய்த கம்பெனி கையைக் கழுவிக்கொண்டது. கல் நல்ல கல்தான், உங்கள் ஆள் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பார் என்றார்கள். முப்பது வருடம் சாணை பிடித்தவரைப் பார்த்து.

கல்லின் அடர்த்தி குறைவு என்று காட்டிவிட்டால் அந்தப் பழி அவர் மேலிருந்து இறங்கிவிடும். அவள் தம்பி அதை அளக்கும் வழியை எழுதிக் கொடுத்திருந்தான். முதலில் உலர்ந்த எடை. பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு ஓர் எடை.

மலிவான தராசு நானூற்றுப் பன்னிரண்டு கிராம் காட்டியது. கல்லைத் தண்ணீரில் இறக்கினாள். எண் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

கல்லைத் துடைத்து இரண்டாவது தராசில் வைத்தாள். நானூற்று இருபத்தொன்று. மறுபடி தண்ணீர், மறுபடி துடைத்தல். நகைக்கடைகளில் வாங்கும் மூன்றாவதில், நானூற்று இருபத்தெட்டு.

"மூணும் மூணு பேச்சு பேசுதே. எதை நம்புறது?"

கடைக்காரர் கல்லை மறுபடி மலிவான தராசிலேயே வைத்தார். அதுவும் இப்போது நானூற்று இருபத்தெட்டு.

"தராசு மேல பழி போடாதீங்கக்கா. கல்லு தண்ணி குடிச்சிருக்கு. பத்து நிமிஷத்துலயே பதினாறு கிராம். ராவெல்லாம் ஊறப் போட்டா குடத்தையே காலி பண்ணிரும் போல."

ஈரம் ஏறிய கல் கறுத்திருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

சக்கரத்துக்கு அடியில் இருக்கும் சாணைத் தொட்டியின் தண்ணீரைக் கணவர் யாரையும் தொடவிட்டதில்லை. வேலை முடிந்ததும் சொட்டு விடாமல் வடித்துவிடுவார். காலையில் சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகுதான் ஊற்றுவார். ஏன் என்று சொன்னதில்லை. ஒரு குடம் தண்ணிக்கு இவ்வளவு காவலா என்று அவள் கேலி செய்வாள்.

நிற்கும் தண்ணீரில் சக்கரத்தின் கீழ்ப்பாதி மட்டும் ஊறும். ஒரு பக்கம் மட்டும் கனத்த சக்கரம் அந்த வேகத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று காலையும் தொட்டி காலியாகத்தான் இருக்கும் என்று அவர் குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

"விலை கம்மியானதே போதும்கா, சரியாத்தான் காட்டுது. கட்டித் தரவா?"

கல் வெடித்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் குடம் தூக்க வேண்டாமே என்று, தொட்டியை நிரப்பி வைத்தது அவள்தான்.