மூன்று பேருக்குக் கொத்து

கஜலட்சுமி நேற்றைய ரொட்டிகளைத் தாச்சிச் சட்டியில் போட்டு, இரண்டு சில்வர் தம்ளர்களின் விளிம்பால் கொத்துகிறாள். கொத்து ரொட்டிக் கடைச் சத்தம் கட்டுக்கலை மாடியறையை நிறைத்துப் படிக்கட்டு வழியே இறங்குகிறது. போயா பௌர்ணமி லீவுக்கு வருவதாகச் சொன்ன ஆபீஸ் கூட்டாளிகள் இருவரும், மழை, வரவில்லை என்று மெசேஜ் அனுப்பி அரைமணி நேரமாகிறது. மேசையில் மூன்று பீங்கான் தட்டுகள் அப்படியே இருக்கின்றன. மிச்சக் கோழிக்குழம்பை ஊற்றியதும் எழும் ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்து எதிர்மலையை மறைக்கிறது. கதவருகே கீழ்வீட்டு தர்ஷிகா, கையில் மூடிய தேங்காய்ச் சம்பல் கிண்ணத்தோடு நிற்கிறாள்.

“விருந்தாளுங்களா அக்கா? கொத்துற சத்தம் கீழ வரைக்கும் கேக்குது.”

வரவில்லை என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. “ஆமா தங்கச்சி, ஆபீஸ்ல ரெண்டு பேரு. இப்ப வந்துருவாங்க.”

“அப்ப சரிக்கா. லீவு நாள்ல தனியா சாப்புடுவீங்களேன்னு, கூட உக்காரலாம்னு வந்தேன்.”

சம்பலை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள். செருப்புச் சத்தம் படியிறங்கி, கீழே கதவு சாத்திக்கொள்கிறது. ரொட்டி ஏற்கெனவே பொடிப்பொடியாகிவிட்டது. கஜலட்சுமி தம்ளர்களை மறுபடி எடுக்கிறாள். கீழே கேட்கட்டும் என்று, மூன்று பேருக்கு ஆகும் நேரம் வரை கொத்திக்கொண்டே இருக்கிறாள்.