இடது கண் மூடினால்

முகவாதம் வந்து போனதிலிருந்து பெனிட்டா சிரித்தால் இடது கண்ணும் தானாக மூடிக்கொள்ளும். கண்ணடிக்கிறாள் என்று பஸ்ஸில் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். கணவர் ராயன் மட்டும் அதை ரசித்தார். சாவதற்கு முன் நானூறு ஜோக்குகளைத் தன் குரலில், கேமரா வைத்த வீட்டுப் பேச்சுக் கருவியில் பதிந்து, "இடது கண்ணு மூடுனா இவ சிரிச்சிட்டான்னு அர்த்தம். அன்னைக்கு அதோட நிறுத்திக்க" என்று அதற்குச் சொல்லியும் வைத்தார். தினமும் காலைக் காப்பியோடு ஒன்று.

போன வாரம் அறுவை சிகிச்சையில் கண்ணை இழுத்த நரம்பைக் கத்தரித்துவிட்டார்கள். இன்று வீடு திரும்பியவள் காப்பியோடு உட்கார்ந்தாள்.

"உங்கம்மா வச்ச குழம்புல மீனுக்கே நீச்சல் மறந்துபோச்சு, புள்ள."

வாய்விட்டுச் சிரித்தாள். கண் திறந்தே இருந்தது.

"பிடிக்கலையா? சரி, இதக் கேளு."

அதற்கும் சிரித்தாள். குரல் அடுத்ததற்குப் போனது.

"போதுங்க, சிரிச்சிட்டேன்" என்றாள். கண்ணை மட்டுமே பார்க்கும் கருவி அதைக் கேட்கவில்லை. சொன்ன ஜோக்கை ராயன் மறுபடி சொல்லமாட்டார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். அதற்குள் பதினேழு தீர்ந்துவிட்டன.

பெனிட்டா விரலால் இடது இமையை அழுத்தி மூடினாள்.

"அப்பாடா, சிரிச்சிட்டியே" என்றது குரல்.

இனி நாளைக் காலை வரை அந்த வீட்டில் பேச யாருமில்லை.