குளத்துக்குப் பெயர் பதிதல்

கோடையில் காட்டுக்குளம் வற்றிக்கொண்டே வந்தது. தள்ளுமுள்ளு வேண்டாம் என்று, முந்தைய நாளே போனில் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் தண்ணீர் என யானை அறிவித்தது. அந்த அறிவிப்பும் போனில்தான் வந்தது.

கீரி தினமும் பதிந்தது, தினமும் குடித்தது. பக்கத்து வளையில் இருக்கும் முள்ளம்பன்றியைக் காணோமே என்று மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தது. முள்ளம்பன்றி நாக்கு வறண்டு சுருண்டு கிடந்தது.

“என்னக்கா, தண்ணிக்கு வரலையா?”

“வந்தேன்டா. லிஸ்ட்ல பேர் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எந்த லிஸ்ட்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு.”

கீரிக்குச் சுருக்கென்றது. அன்றைய தன் முறையை முள்ளம்பன்றிக்குக் கொடுத்தது. அது குடித்துவிட்டு வந்ததும் கீரி தன் போனை எடுத்து அதன் முன்னால் வைத்தது.

“லிஸ்ட்டுக்கு இதுலதான் பேர் பதியணும்க்கா. நானே உனக்கும் பதிஞ்சிடலாம். ஆனா நான் இங்க இல்லாத நாள்ல என்னக்கா பண்ணுவே? போனை உங்கிட்ட விட்டுட்டுப் போறேன், நீயே போடு.”

முள்ளம்பன்றி நகத்தால் தட்டியது. திரை அசையவில்லை.

“பாத்தியா, இதுக்கும் என்னைப் பிடிக்கலை.”

“அதுக்கு நகம் தெரியாதுக்கா. மூக்கால தொடு.”

முள்ளம்பன்றி மூக்கை வைத்தது. ஓர் எழுத்து விழுந்தது. நாலு தடவை தப்பாகி, ஐந்தாவது தடவை முழுப்பெயரும் விழுந்தது. முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

“டேய், இன்னொரு பேர் போடலாமா?”

“யாருக்கு?”

“ஆமைக்கு. அவனையும் என்னோடதான் திருப்பி அனுப்பினாங்க.”

கீரி போனை அங்கேயே விட்டுவிட்டு, ஆமையைக் கூட்டிவர ஓடியது.