ஒன்பதடிக் கூரை

எங்கள் கராஜின் கூரை ஒன்பதடி. என் பிக்கப் டிரக்கின் உயரம் ஆறடி. நான் வாங்கிய லிஃப்ட் அதை இன்னும் ஆறடி தூக்கும்.

"சின்ன லிஃப்டா வாங்குன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேடா! இது கூரையைப் பிச்சுக்கிட்டுல்ல போகும்!" என்றான் பக்கத்து வீட்டு கிளின்ட். அந்தச் சனிக்கிழமை காலை, நான் அசிங்கப்படுவதைப் பார்க்கக் காபிக் கோப்பையோடு தெருவே வந்திருந்தது.

பொத்தானை அழுத்தினேன். டிரக் ஆறடியும் ஏறி நின்றது. எங்கும் இடிக்கவில்லை. அதனடியில் நான் நிமிர்ந்து நடந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கிளின்ட் மட்டும் நம்பாமல் மூலையில் நாடாவைப் பிடித்துக் கூரையை அளந்தான். ஒன்பதடி. பிறகு ஏணி வைத்து டிரக்கின் மேல் ஏறி நின்றான். கையைத் தூக்கினான். எட்டவில்லை.

"இன்னும் ரெண்டு வண்டி அடுக்கலாம்டா!" என்று அங்கிருந்து கத்தினான்.