மியோஷி-சான் வாய் திறக்கவில்லை

"ஐயையோ! யார் பார்த்த வேலை இது?"

என்னோடு பூங்காவைக் கூட்ட வந்த இவாசே உள்ளே நுழைந்ததும் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது.

வேலியோரப் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. நேற்று வரை தளதளவென்று நின்ற டாஃபடில் என்னும் மஞ்சள் பூச்செடிகளில் ஒன்றுகூட இல்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பூத்திருக்கும். போன இலையுதிர் காலத்தில் இறந்துபோன எங்கள் பூங்காச் சங்கத் தலைவி ஃபுமியே-சான் தன் கையால் நட்டு வளர்த்தவை.

பாத்தி நடுவே மியோஷி-சான் குந்தியிருந்தார். முழங்கை வரை மண். பக்கத்தில் இறுக்கிக் கட்டிய குப்பைப் பை. பிடுங்கிய இடத்தில் ஏதோ சின்னச் செடிகளை அவசர அவசரமாக ஊன்றிக்கொண்டிருந்தார்.

"நீங்களா?" என்றேன்.

"ஆமா, நான்தான்."

"ஏன்?"

அவர் அடுத்த செடியை எடுத்து ஊன்றினார்.

அந்த அம்மாள்தான் எங்கள் தெருவின் ஒலிபெருக்கி. யார் வீட்டில் என்ன மீன் பொரித்தார்கள் என்பது வரை அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவரும். கேட்காததற்கே மூச்சு விடாமல் பதில் சொல்கிறவர், கேட்டதற்கு வாய் திறக்கவில்லை.

அதற்குள் தலைவர் நெமோட்டோ வந்துவிட்டார். ஃபுமியே-சானின் கணவர். ஆபீஸே கதி என்று கிடந்த மனிதர். மனைவி இருந்தவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவர் போன பிறகுதான் பொறுப்பை ஏற்று ஞாயிறு தவறாமல் வருகிறார். எது களை, எது செடி என்று எங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடுங்குவார். ஆனால் வேலியோரப் பாத்தி மனைவி வைத்தது என்று தெரியும். அதைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்.

"இதைப் பிடுங்க எப்படிங்க உங்களுக்கு மனசு வந்தது?" அவர் வெற்று மண்ணைக் காட்டினார். "அவ கையால வச்சதுன்னு இது ஒண்ணுதானே மிச்சம் இருந்தது!"

"பூச்சி விழுந்துடுச்சு தலைவரே. மத்த பாத்திக்கும் பரவிடுமோன்னு..."

"பொய் சொல்லாதீங்க! நேத்துக்கூடப் பார்த்தேன். ஒரு இலையில ஓட்டை கிடையாது."

மியோஷி-சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"சங்கத்து மேல்சட்டையைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்புங்க. இனிமே இங்க வர வேண்டாம்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபுமியே-சானோடு சேர்ந்து இந்தச் சங்கத்தையே ஆரம்பித்தவர் மியோஷி-சான். இந்தப் பூங்காவை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

அவர் சங்கத்தின் பச்சை மேல்சட்டையைக் கழற்றினார். மண்ணை உதறி, மடித்து, பெஞ்சில் வைத்தார். குனிந்து வணங்கிவிட்டுக் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டார். என்னைத் தாண்டும்போது, "புதுச்செடிக்குத் தண்ணி ஊத்து. வாடிடப் போவுது" என்றார்.

"செய்யறதையும் செஞ்சுட்டு, பேச்சைப் பாருங்க!" என்று இவாசே முணுமுணுத்தார். எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

தேநீர் குடிக்க உட்கார்ந்தபோதும் தலைவருக்கு ஆறவில்லை.

"நேத்து மதியமே அந்தம்மா ஒரு மாதிரிதான் இருந்தாங்க. தெருச் சுற்றறிக்கை குடுக்க வீட்டுக்கு வந்தாங்க. நான் முதல் தடவையா நானே சமைச்சு, சாப்பிட உட்கார்ந்திருக்கேன். பெருமையா காட்டினேன். தட்டை வாங்கிப் பார்த்தவங்க அப்படியே தரையில கொட்டிட்டாங்க. கை வழுக்கிடுச்சாம்! ஒரு வாய்கூட வைக்கல நான்."

"அடப்பாவமே! என்ன சமைச்சீங்க?"

"முட்டை போட்டு நிராக் கீரை வதக்கல். ஃபுமியே அடிக்கடி செய்வா."

பூண்டு வாசம் வீசும் கீரை. சமையல் தெரியாதவருக்கும் கைவரும்.

"நிரா இப்ப கடையில நல்லா கிடைக்குதா?" என்றேன், பேச்சை மாற்றலாம் என்று.

"கடைக்கு எதுக்குப் போகணும்? வேலியோரம் அவளே வளர்த்து வச்சிருந்தாளே. அதுலதான் ஒரு பிடி கிள்ளிக்கிட்டுப் போனேன். 'செத்தும் எனக்குச் சோறு போடறா பாருங்க'ன்னு மியோஷி-சான்கிட்ட சொன்னேன். பேயறைஞ்ச மாதிரி நின்னாங்க."

நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

பூக்கும் முன் டாஃபடில் இலை அச்சு அசலாக நிரா மாதிரியே இருக்கும். ஆனால் அது விஷம். வசந்தம் வந்தால் யாராவது ஏமாந்து சமைத்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். திரும்பி வராதவர்களும் உண்டு.

இவாசே முகம் வெளுத்துவிட்டது. "தலைவரே, அது டாஃ..."

அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

எழுந்து பாத்திக்குப் போனேன். புதுச்செடியில் ஒரு நுனியைக் கிள்ளி முகர்ந்தேன். பூண்டு வாசம். அசல் நிரா. மியோஷி-சான் தன் வீட்டுத் தொட்டிகளை எல்லாம் காலி செய்திருக்கிறார்.

தலைவர் பின்னாலேயே வந்தார். "என்னமோ நட்டுட்டுப் போனாங்களே, என்ன அது?"

மனைவி இன்னும் தனக்குச் சோறு போடுகிறாள் என்று நம்புகிறவர்.

"நிராதான் தலைவரே. ஃபுமியே-சான் வச்சதுல நல்லதா பார்த்துப் பிரிச்சு நட்டிருக்காங்க. இனிமே மோந்து பார்த்துப் பறிங்க. பூண்டு வாசம் வரலைன்னா அது கெட்டுப் போனது, தொடவே தொடாதீங்க."

அவர் மண்டியிட்டு இலையை முகர்ந்தார். வெகுநேரம் எழவில்லை.

பெஞ்சிலிருந்த மேல்சட்டையை எடுத்துக்கொண்டு இவாசே பூங்கா வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

"இதைச் சொல்லியிருக்கலாமே! ஊர்க்கதை எல்லாம் பேசற வாய், இதை மட்டும் ஏன் சொல்லல?" என்றார் தலைவர், கண்களைத் துடைத்தபடி.

நானும் வாய் திறக்கவில்லை.